அமெரிக்க அதிபர்களின் கட்சி நிறம்: பெயரைப் பார்க்கும் முன் ஆண்டைப் பாருங்கள்

பக்கத்து வீட்டுச் சிறுமி பள்ளிக்காக அமெரிக்க அதிபர்களின் படங்களை ஒரு பெரிய அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். குடியரசுக் கட்சிக்காரர் என்றால் படத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம், ஜனநாயகக் கட்சிக்காரர் என்றால் நீலம். லிங்கனுக்குச் சிவப்பு போட்டு முடித்தவள் நிமிர்ந்து கேட்டாள்: “மாமா, தெற்கு மாநிலமெல்லாம் இப்போ சிவப்புதானே? அப்புறம் ஏன் அவங்க லிங்கனோட சண்டை போட்டாங்க?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. குடியுரிமைத் தேர்வுக்காக ‘நாட்டின் இரண்டு பெரிய கட்சிகள் எவை?’ என்ற கேள்விக்கு ஒற்றை வரிப் பதிலை உருப்போட்டுத் தேறியவன் நான். அதற்கு மேல் தோண்டியதில்லை. சிறுமியின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில மாதம் படித்ததில் ஒரு முறை கைவந்தது. அமெரிக்க அரசியலுக்குப் புதியவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு இதே வரிசையில் போகலாம்.

முதல் படி: நான்கு சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தமிழில் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘காங்கிரஸ்’ என்றால் நமக்குக் கட்சி. அங்கே அது நாடாளுமன்றம். செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்தது. ‘சிவப்பு’ என்றால் நமக்குத் தோழர்களின் கொடி நினைவுக்கு வரும். அங்கே அது வலதுசாரிப் பக்கம் நிற்கும் குடியரசுக் கட்சியின் நிறம். அதுவும் பழைய வழக்கமல்ல. 1980இல் ரீகன் வென்ற மாநிலங்களை ஒரு தொலைக்காட்சி நீலத்தில் காட்டியது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃப்ளோரிடா எண்ணிக்கை தகராறாகி, ஐந்து வாரம் அதே வரைபடத்தை நாடே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சிவப்பும் நீலமும் இப்படி ஒட்டிக்கொண்டன. எனவே லிங்கனுக்குச் சிவப்புக் கட்டம் போடுவது, அவர் இறந்து 135 ஆண்டு கழித்து வந்த சாயத்தை அவர்மேல் பூசுவது.

மூன்றாவது, கட்சிப் பெயர்கள். ‘ஜனநாயகம்’, ‘குடியரசு’ என்ற சொற்களிலிருந்து கொள்கையைப் பிழிந்தெடுக்கப் பார்க்காதீர்கள். இரண்டு கட்சிக்கும் இரண்டும் வேண்டும். நான்காவது, ‘கன்சர்வேட்டிவ்’. அதைப் ‘பழமைவாதி’ என்று மொழிபெயர்த்ததும் குடுமியும் திண்ணையும் கண்முன் வந்துவிடுகின்றன. மத்திய அரசு சிறியதாக இருக்கட்டும், வரி குறையட்டும், சந்தையை அதன் போக்கில் விடு என்பவரையும் அந்தச் சொல் குறிக்கும். திருச்சபை, குடும்பம், மரபு என்று பேசுபவரையும் குறிக்கும். இருவரும் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதில்லை.

இரண்டாம் படி: நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்

பெயர், பதவியில் இருந்த ஆண்டுகள், கட்சி, எந்த மாநிலத்து அரசியல்வாதி, ஆட்சியில் செய்தது என ஐந்து. பலரும் மூன்றாம் பத்தியோடு நின்றுவிடுவார்கள். விஷயமெல்லாம் நான்கிலும் ஐந்திலும்தான் இருக்கிறது.

எண்ணிக்கையில் ஒரு சிக்கல் உண்டு. டிரம்ப் 47ஆவது அதிபர், ஆனால் அதிபரானவர்கள் 45 பேர்தான். க்ளீவ்லண்ட் 22, 24 என்றும், டிரம்ப் 45, 47 என்றும் இடைவெளி விட்டு இருமுறை வந்ததால் எண் இரண்டு கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு வரி போட்டால் 45 வரி. அதில் குடியரசுக் கட்சிக்கு 19, ஜனநாயகக் கட்சிக்கு 16. மீதிப் பத்துப் பேருக்குச் சிறுமியின் இரண்டு பென்சிலும் உதவவில்லை.

மூன்றாம் படி: அந்தப் பத்துப் பேரை முதலில் முடித்துவிடுங்கள்

வாஷிங்டனுக்குக் கட்சியே இல்லை. 1796இல் வெளியிட்ட பிரியாவிடை உரையில் கட்சி மனப்பான்மை நாட்டைக் கெடுக்கும் என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார். ஆனால் அவருடைய அமைச்சரவையிலேயே ஹாமில்டனும் ஜெஃபர்சனும் எதிரெதிராக நின்றார்கள். தேசிய வங்கியும் வலுவான மத்திய அரசும் வேண்டும் என்றவர் ஹாமில்டன். மாநிலங்களுக்கும் விவசாயிகளுக்கும் வக்காலத்து வாங்கியவர் ஜெஃபர்சன். இந்தச் சண்டையில் பிறந்தவைதான் முதல் இரண்டு கட்சிகள். ஃபெடரலிஸ்ட் கட்சியின் ஒரே அதிபர் ஜான் ஆடம்ஸ். ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ, ஜான் குவின்சி ஆடம்ஸ் நால்வரும் ஜனநாயக-குடியரசுக் கட்சி. இந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இன்றைய இரண்டு கட்சியும் சேர்ந்தது அல்ல, தனிக் கட்சி.

சாசனத்தில் வெளிப்படையாக எழுதாத அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை என்று வாதாடிய ஜெஃபர்சன்தான் 1803இல் பிரான்சிடமிருந்து லூயிசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். வெளிநாட்டு நிலத்தை விலைக்கு வாங்கலாம் என்று சாசனத்தில் எங்கும் இல்லை என்பது அவருக்கே தெரியும். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஐந்தாம் பத்தி எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வரியைக் காட்டலாம்.

மிச்சமுள்ள நால்வரும் விக் கட்சி. ஆண்ட்ரூ ஜாக்சன் மன்னர்போல் நடந்துகொள்கிறார் என்று சொல்லி, பிரிட்டனில் மன்னரை எதிர்த்தவர்களின் பெயரை வைத்துக்கொண்டார்கள். துரதிருஷ்டம் பிடித்த கட்சி. தேர்தலில் வென்ற இரண்டே அதிபர்கள் வில்லியம் ஹென்றி ஹாரிசனும் சக்கரி டெய்லரும். இருவரும் பதவியிலேயே இறந்தார்கள், ஹாரிசன் ஒரே மாதத்தில். அவருக்குப் பின் வந்த துணை அதிபர் டைலர் பழைய ஜனநாயகக் கட்சிக்காரர். சொந்தக் கட்சி கொண்டுவந்த வங்கி மசோதாவை இரண்டு முறை திருப்பியனுப்பினார். 1841 செப்டம்பரில் வெப்ஸ்டர் ஒருவரைத் தவிர அமைச்சர்கள் எல்லோரும் விலகினார்கள், கட்சியும் அவரை வெளியே தள்ளியது. டெய்லருக்குப் பின் வந்த ஃபில்மோரோடு விக் அதிபர்களின் கதை முடிந்தது.

நான்காம் படி: இரண்டு கட்சிகளின் பிறப்பை எழுதிக்கொள்ளுங்கள்

ஜனநாயகக் கட்சியின் முதல் அதிபர் ஜாக்சன் (1829–1837). டென்னசிக்காரர், போர்த் தளபதி, அடிமைகளை வைத்திருந்தவர். சாதாரண வெள்ளைக்கார விவசாயியின் ஆள் என்று தன்னைக் காட்டிக்கொண்டவர், பழங்குடிகளைத் தங்கள் மண்ணிலிருந்து விரட்டும் 1830ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர்.

குடியரசுக் கட்சி 1854இல் பிறந்தது. கேன்சஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுபவர்களே தீர்மானிக்கலாம் என்று அந்த ஆண்டு வந்த சட்டம், அதுவரை இருந்த தடையை உடைத்தது. கொதித்தெழுந்தவர்கள் சேர்ந்து கட்சி கண்டார்கள். பழைய விக் கட்சிக்காரரான லிங்கன் 1860இல் நாடு முழுவதும் சுமார் 40 விழுக்காடு வாக்கோடு வென்றார். தெற்கில் பல மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே இல்லை.

ஆகவே பிறக்கும்போது குடியரசுக் கட்சி வடக்கின் கட்சி. மத்திய அரசின் கையை ஓங்கவைத்த கட்சி. ரயில்பாதைக்கு நிலமும் உள்நாட்டுத் தொழிலுக்கு இறக்குமதி வரிப் பாதுகாப்பும் கொடுத்த கட்சி. சிறுமியின் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே வந்துவிட்டது.

ஆண்ட்ரூ ஜான்சன் வரியில் பென்சில் தயங்கும். வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864இல், லிங்கன் ‘தேசிய ஒன்றியக் கட்சி’ என்ற பெயரில் நின்றார். துணைக்கு டென்னசியின் ஜனநாயகக் கட்சிக்காரரான ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் முறை பதவியேற்ற ஆறே வாரத்தில் லிங்கன் சுடப்பட, ஜான்சன் அதிபரானார். 1868இல் குடியரசுக் கட்சிக்காரர்கள் நிறைந்த செனட்டில் பதவி நீக்க விசாரணை நடந்தது. பதவியைப் பறிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 35க்கு 19, ஒரே வாக்கில் தப்பினார். 16 என்று சொன்ன கணக்கில் இவரும் அடக்கம். சேர்க்காதவர்கள் 15 என்பார்கள். நோட்டில் இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டு மாநிலங்களை மட்டும் தொடர்ந்து பாருங்கள்

கட்சிகள் எப்படி இடம் மாறின என்பதை விளக்கப் பெரிய பெரிய கட்டுரைகள் இருக்கின்றன. புதியவருக்கு அவை வேண்டாம். வெர்மான்ட், மிசிசிப்பி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று வடகிழக்கில் பனியும் மாட்டுப் பண்ணையும் உள்ள சின்ன மாநிலம். மற்றது தெற்கின் அடிவயிற்றில் பருத்தி மண்.

வெர்மான்ட் 1856 முதல் 1960 வரை ஒரு தேர்தல் விடாமல் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது. 1936இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாட்டையே அள்ளிக்கொண்டு போனபோது வளையாமல் நின்ற இரண்டே மாநிலங்கள் மெய்னும் வெர்மான்ட்டும்தான். அதே ஆண்டு மிசிசிப்பியில் ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தது 97 விழுக்காடு. 28 ஆண்டு கழித்து, 1964இல், அதே மிசிசிப்பி குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டருக்கு 87 விழுக்காடு கொடுத்தது. வெர்மான்ட் அந்த ஆண்டு முதல்முறையாக ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. இன்று வெர்மான்ட் 1992இலிருந்து மாறாத நீலம். மிசிசிப்பியில் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் கடைசியாக வென்றது 1976இல், சக தெற்கத்திக்காரரான ஜார்ஜியாவின் கார்ட்டர்.

97ஐ 87 ஆக்கியது எது? முதலில் அந்த 97 யாருடைய வாக்கு என்று பார்க்க வேண்டும். வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்துக் கறுப்பினத்தவரைச் சாவடிக்கு வெளியே நிறுத்திய தெற்கு அது. உள்ளே போனவர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். உள்நாட்டுப் போரில் தோற்கடித்த லிங்கனின் கட்சிக்கு வாக்கு இல்லை என்பது அவர்களுக்குக் குடும்ப வழக்கம். வடக்கிலோ கதை வேறு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை கொடுத்த ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ திட்டங்களால் கறுப்பின வாக்காளர்கள் லிங்கனின் கட்சியை விட்டு நகரத் தொடங்கினார்கள். இப்படி ஒரே கட்சிக்குள் வடக்கத்திக் கறுப்பினத் தொழிலாளியும் தெற்கத்தி இனப்பிரிவினைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீடு எத்தனை நாள் தாங்கும்?

1948இல் ட்ரூமன் ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டார். அந்த ஆண்டே தெற்கத்திக்காரர்கள் ஒரு கூட்டம் பிரிந்து தென் கரோலினா ஆளுநர் தர்மண்டை வேட்பாளராக நிறுத்தி 39 எலக்டோரல் வாக்குகளை (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக எண்ணப்படும் வாக்குகள்) எடுத்தது. 1964 ஜூலை 2இல் டெக்சஸ்காரரான லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டில் விழுந்த வாக்குகளை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: ஆதரவு 73, எதிர்ப்பு 27. ஆதரித்த 73இல் ஜனநாயகக் கட்சி 46, குடியரசுக் கட்சி 27. எதிர்த்த 27இல் ஜனநாயகக் கட்சி 21, குடியரசுக் கட்சி 6. ‘எந்தக் கட்சி எதிர்த்தது’ என்று பார்த்தால் ஒரு பதில் வரும். ‘எந்தப் பகுதி எதிர்த்தது’ என்று பார்த்தால் வேறு பதில் வரும். இரண்டாவதுதான் பின்னால் நடந்ததை விளக்குகிறது. எதிர்த்து வாக்களித்த ஆறு குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவர் கோல்ட்வாட்டர். அந்த நவம்பரில் படுதோல்வி அடைந்தாலும், சொந்த மாநிலம் அரிசோனா போக அவர் வென்ற ஐந்தும் ஆழ்தெற்கு மாநிலங்கள். தர்மண்டும் அந்த ஆண்டே குடியரசுக் கட்சிக்கு மாறிவிட்டார்.

ஒரே இரவில் எல்லாம் புரண்டுவிட்டதாக எழுதுபவர்களை நம்பாதீர்கள். 1976இல் வர்ஜீனியா நீங்கலாகப் பழைய தெற்கு முழுவதையும் கார்ட்டர் வாரினார். காங்கிரசிலும் மாநில சட்டசபைகளிலும் தெற்கத்தி ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இன்னும் பல ஆண்டு உட்கார்ந்திருந்தார்கள். இனம் மட்டுமே காரணம் என்பதும் முழுக்கதை அல்ல. தேவாலயம், புறநகர் வளர்ச்சி, தெற்குக்கு வந்த புதுத் தொழில்கள் எல்லாம் சேர்ந்தன. ஆனால் கதவைத் திறந்தது 1964தான் என்பது என் முடிவு. அந்த 87 விழுக்காட்டுக்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் படி: இறக்குமதி வரியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்

எந்தக் கட்சி எந்தக் கொள்கை என்று பட்டியல் போடத் தோன்றும்போது இதைச் செய்யுங்கள். 1890இல் இறக்குமதி வரியை ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு ஏற்றிய சட்டம், பின்னால் அதிபரான மெக்கின்லியின் பெயரால் அறியப்பட்டது. அன்று குடியரசுக் கட்சியின் உயிர்மூச்சு அதுதான்; வரியைக் குறை என்றது ஜனநாயகக் கட்சி. 1930இல் ஹூவர் கையெழுத்திட்ட உயர்வோடு அந்த வழி கெட்ட பெயர் வாங்கியது. ரீகன் காலத்தில் குடியரசுக் கட்சி தடையற்ற வணிகத்தின் கட்சி. 1993இல் கனடா, மெக்சிகோவுடனான வணிக ஒப்பந்தத்தைக் கிளின்டன் நிறைவேற்றியபோது பிரதிநிதிகள் சபையில் அதற்கு விழுந்த 234 வாக்கில் 132 எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியுடையவை. பிறகு 2018இல் டிரம்ப் எஃகுக்கு 25 விழுக்காடு வரி போட்டார். புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. மெக்கின்லி இருந்திருந்தால் ‘நம்ம ஆள்’ என்று தோளில் தட்டியிருப்பார்.

ஏழாம் படி: எதிரே காங்கிரஸ் யார் கையில் என்று பாருங்கள்

இங்கே அதிபர் கட்சித் தலைவர் அல்ல. கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிபோகும் என்ற சட்டமும் இல்லை. சொந்தக் கட்சி உறுப்பினரே எதிர்த்து வாக்களித்துவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டு கைகுலுக்கலாம். எனவே ஒரு சட்டம் ஒரு அதிபர் காலத்தில் வந்தது என்பதற்காக அது முழுக்க அவர் குணம் என்று எழுதிவிடாதீர்கள். நிக்சன் காலம் முழுவதும் காங்கிரஸ் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. 1970இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் காற்றுத் தூய்மைச் சட்டமும் அந்தக் கூட்டணியின் பிள்ளைகள். ஆனால் 1971 ஆகஸ்டில் விலைவாசியையும் சம்பளத்தையும் 90 நாளைக்கு உறையவைத்தது நிக்சனின் சொந்த முடிவு. இன்று எந்தக் குடியரசுக் கட்சிக்காரரும் அதைப் பெருமையாகச் சொல்வதில்லை. அதேபோல் 1996இல் ஏழைகளுக்கான உதவித்தொகைக்கு வேலை நிபந்தனை வைத்த சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டபோது எதிரே இருந்தது குடியரசுக் கட்சிக் காங்கிரஸ்.

கட்சி மாறியவர்களுக்கு நோட்டின் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். ரீகன் 1962 வரை ஜனநாயகக் கட்சிக்காரர். ஐசன்ஹோவரை இரண்டு கட்சியும் வருந்தி அழைத்தன. டிரம்ப் சீர்திருத்தக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டிலும் பதிவு செய்திருந்தவர். தியடோர் ரூஸ்வெல்ட் 1912இல் சொந்தக் கட்சியை உடைத்துக்கொண்டு நின்று 88 எலக்டோரல் வாக்கு வாங்கினார். அதிகாரபூர்வ வேட்பாளர் டாஃப்டுக்கு எட்டுதான். நடுவில் உட்ரோ வில்சன் 435 வாங்கிக்கொண்டு போனார்.

எட்டாம் படி: கட்சிப் பெயரை மறைத்துவிட்டு வாசியுங்கள்

கடைசியாகச் செய்ய வேண்டிய பயிற்சி. நோட்டில் மூன்றாம் பத்தியின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மூடிக்கொண்டு ஐந்தாம் பத்தியை மட்டும் நண்பரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

1887. டெக்சசில் வறட்சி. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு விதை வாங்கிக் கொடுக்க 10,000 டாலர் ஒதுக்கும் மசோதா அதிபர் மேசைக்கு வருகிறது. சின்னத் தொகை. அவர் மறுத்துத் திருப்பியனுப்புகிறார். அரசாங்கத்தை மக்கள் தாங்கலாம், மக்களை அரசாங்கம் தாங்கக் கூடாது என்பது அவர் எழுதிய காரணத்தின் சாரம். என் நண்பர்கள் மூவரிடம் கேட்டேன். மூவரும் ‘குடியரசுக் கட்சி, சந்தேகமே இல்லை’ என்றார்கள். காகிதத்தை எடுத்தால் ஜனநாயகக் கட்சியின் க்ளீவ்லண்ட்.

இன்னொன்று. பணக்காரர்களின் உச்ச வருமானத்துக்கு 91 விழுக்காடு வரி அப்படியே தொடர்கிறது. மத்திய அரசுப் பணத்தில் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டம். லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்களை உள்ளே அழைத்துச் செல்ல ராணுவம். இது குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர்.

விவரம் சேகரிக்க மூன்று இடம் போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் அதிபர் ஆவணத் தொகுப்பில் உரைகளும், கட்சிகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் வெளியிட்ட கொள்கை அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கும். எலக்டோரல் வாக்குகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகம். வாழ்க்கைக் குறிப்புக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம். ஒரே கட்சியின் 1860, 1936, 1980 ஆண்டு அறிக்கைகளை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரே பெயரில் மூன்று கட்சி இருப்பதுபோல் இருக்கும்.

சிறுமியின் அட்டை இப்போது அவள் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. பத்துப் பேருக்குச் சாம்பல் கட்டம். தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு மட்டும் சிவப்பின்மேல் பச்சை தீட்டியிருக்கிறாள். ரயில் முதலாளிகளின் கூட்டை நீதிமன்றத்தில் உடைத்தது, 1906இல் உணவு, மருந்துக் கலப்படத்துக்குத் தடைச் சட்டம், காடுகளை அரசு நிலமாகக் காத்தது என்று அவர் செய்ததை வாசித்துக் காட்டி, பச்சை ஏன் என்று கேட்டேன். “அவர் கட்சி அவருக்கே பத்தலை மாமா” என்றாள்.